எங்கள் வீட்டு ஜீப்னி ஸ்டாண்டு

அன்பு மகள் மரிவிக்குக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். எங்கள் நாலு முழங்கால்களில் மூன்று சுகம், நாலாவது உன் அம்மாவுடையது, மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது என்பதால் அதையும் நான் குறை சொல்வதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை ஆர்னெல்லும் பெரியவன் மீகோவும் கைக்குழந்தை அமிஹானும் அந்தக் கனடா வின்னிபெக் குளிரில் மூக்கு உறையாமல் இருக்க நம் ஹாரோ கோயில் மாதாவுக்கு வாராவாரம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், பிடுங்கியவள் அதைக் கூரைக்குக் காட்டுகிறாள், நீ எங்கள் வீட்டுப் பல்லியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் நாலு தலை நடுவில் நுழைந்து நீ இளைத்துவிட்டாய் என்கிறார்கள், கடைசியில் என் மூக்குத் துவாரம் மட்டும் உனக்குத் தெரியும்போது இணைப்பு போய்விடுகிறது. இது மூக்குத் துவாரத்தோடு பேசுகிற விஷயம் அல்ல. கருவாட்டுக் கடை யோலியின் அண்ணன் மகள் அடுத்த வாரம் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு ஒரு வாய் சோறு போடு.

நீ போன மாதம் ஒரு கேள்வி கேட்டாய். பிரசவ விடுப்பு முடியப் போகிறது, ஆர்னெல்லுக்கு இரவு வேலை, உனக்கு அந்த முதியோர் இல்லத்தில் பகல் வேலை, மீகோவைப் பள்ளிக்குக் கிளப்புவதற்குள் ஒரு காலில் சப்பாத்து, இன்னொரு காலுக்குரியது சலவை இயந்திரத்துக்குள். “எங்க வீட்ல இனிமே இடமும் இல்ல, நேரமும் இல்லப்பா, அமிஹானை ஒரு ரெண்டு வருஷம் நீங்க வச்சுக்கிறீங்களா” என்றாய். திருவிழாவுக்கு ஊர் வருகிற உன் சிநேகிதி லோர்னா கொண்டுவந்து விடுவாள், மடியில் இருக்கிற பிள்ளைக்கு விமானத்தில் தனி இடம் வேண்டாம் என்றும் சொன்னாய். நீ கேள்வியை முடிக்கும் முன்பே உன் அம்மா சரி என்றுவிட்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தவன் நான்தான். அதற்கு அவள் தண்டனையும் கொடுத்தாள். காபி மட்டும் வந்தது, சர்க்கரை வரவில்லை. நான் இழுத்தது பிள்ளை மேல் ஆசை இல்லாமல் அல்ல. நம் தெருவில் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போகாத வீடு குறைவு, அதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் முழங்கால் கணக்கை மேலே எழுதிவிட்டேன், தவழுகிற பிள்ளையின் பின்னால் ஓடுவது யார் என்பதுதான் என் கவலை. இதைச் சொன்னதும் உன் அம்மா ரெமெடியோஸ் இடுப்பில் கைவைத்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்றாள். எதை வைத்து ஒத்திகை என்று கேட்டேன். பிள்ளையை வைத்துத்தான் என்று சொல்லிவிட்டு யோலி வீட்டுக்குப் போனாள், திரும்பி வரும்போது யோலியின் மூன்று வயதுப் பையன் புட்சோய் அவள் இடுப்பில் இருந்தான். அரிசி இரவல் வாங்குவார்கள், உளி இரவல் வாங்குவார்கள், பிள்ளையை இரவல் வாங்கியவள் ஹாரோவிலேயே உன் அம்மா ஒருத்திதான்.

சந்தைக்குப் போகிற தாய்மாருக்கு இந்தச் செய்தி எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ தெரியவில்லை. மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், இரவெல்லாம் கால் சென்டரில் வேலை பார்க்கிற ஒரு பெண் தன் இரட்டைப் பெண்கள் ஜெங்கையும் ஜிங்கையும் வாசலில் நிறுத்திவிட்டு, “ஒத்திகைக்கு ஆள் வேணுமாமே அண்ணே” என்றாள், நான் வாயில் நுரையோடு தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு. ஆக ஐந்து. ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா என்று பார்க்க ஐந்து பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்ப்பது, நீந்தத் தெரியுமா என்று பார்க்க வெள்ளத்தில் குதிப்பதுபோல் என்றேன். “ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க, தெரியாதா” என்று உன் அம்மா என் வாயை அடைத்தாள். முதல் நாள் அவள் முறைப்படி நடந்தது. அவள் முறை என்னவென்றால் யார் அழுதாலும் அவரிடம் ஓடுவது. ஒருத்தியைத் தூக்கினால் இன்னொருத்தி அழுதாள், சோறு ஊட்டினால் புட்சோய் மற்றவர்கள் தட்டையும் சேர்த்து முடித்தான், ஜெங் என்று நினைத்து ஜிங்கை இருமுறை குளிப்பாட்டினாள், ஜெங் அழுக்காகவே வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் உன் அம்மா கூடத்தில் மல்லாந்து படுத்து, மழை வரும் என்றாள், வானம் பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் நான் விசிலை எடுத்தேன்.

முப்பது வருஷம் ஜீப்னி வண்டி ஸ்டாண்டில் ஆள் கூப்பிட்டு ஏற்றிவிட்டவன் நான். கூடையோடு வருகிறவள், கோழியோடு வருகிறவன், குடித்துவிட்டு வருகிறவன், எல்லாரையும் எதிரெதிர்ப் பெஞ்சில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்காரவைத்து, இன்னும் ரெண்டு பேர் ரெண்டு பேர் என்று கத்தி, ஒரு சண்டை இல்லாமல் அடுத்த ஊர் மோலோவுக்கு அனுப்பியவனுக்கு ஐந்து பொடிசுகள் எந்த மூலைக்கு? நீயும் அன்று போனில், வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஏதாவது வழி சொல்லுங்கப்பா என்று கேட்டாய் அல்லவா, இணையத்தில் படித்த யோசனைகளையும் சொன்னாய், எல்லாரும் எழும்புமுன் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து தாய் தனக்காக உட்கார வேண்டுமாம். அதைக் கேட்ட உன் அம்மா, அந்த ஒரு மணி நேரமும் தூங்கினால் ஆகாதா என்றாள். நானும் அவள் கட்சி. என் வழிகள் வேறு, எல்லாம் ஸ்டாண்டில் சோதித்துப் பார்த்தவை, கவனமாகப் படி, ஆர்னெல்லுக்கும் படித்துக் காட்டு, அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது.

முதல் விஷயம், வண்டி நிறையாமல் கிளம்பக் கூடாது. ஒரு ஆளுக்காக எந்த ஜீப்னியும் கிளம்பாது, அதுபோல ஒரு அழுகைக்காகத் தாய் எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தர் அழுதால் அது பயணி, மூன்று பேர் அழுதால்தான் அது சவாரி. மூன்று பேர் சேருமட்டும் நான் வாசலில் நின்று, இன்னும் ஒருத்தர் அழுதால் கிளம்பலாம் என்று அறிவிப்பேன். அழுகிறவன் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பான், ஆள் சேரவில்லை என்றால் அவனே இறங்கிவிடுவான். உன் வீட்டில் இருப்பதே இரண்டு என்பதால் உனக்கு நிறைவது கஷ்டம், ஆர்னெல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள். பாத்திரம், துணி, போனில் வருகிற உன் மாமியாரின் புகார்கள், எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. சிங்க் நிறையட்டும், பிறகு கழுவு. ரத்தத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் காத்திருக்காதே, அது ஆம்புலன்ஸ், அதற்கு ஸ்டாண்டு விதி கிடையாது.

அடுத்தது கம்பு. ஜீப்னிக் கூரையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதல்லவா, அதுபோல நம் வீட்டு நடையில் குறுக்காக ஒரு மூங்கிலைக் கட்டினேன், அவர்கள் கை நீட்டினால் எட்டுகிற உயரம். “கம்பியப் புடிங்க, வண்டி கிளம்புது” என்றால் ஐந்து பேரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பிள்ளைக்கு அடிக்கக் கை இல்லை, கிள்ளக் கை இல்லை, ஓடவும் முடியாது, ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் மூக்கைத் துடை, கால்சட்டை மாற்று, தலை வாரு, நகம் மட்டும் வெட்ட முடியாது. நடுநடுவே “வளைவு” என்று கத்த வேண்டும், எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள், அப்போது காதுக்குப் பின்னால் சோப்பு போடலாம். மீகோ பனிக்காலச் சட்டை போட அரை மணி நேரம் தரையில் உருளுகிறான் என்றாயே, அவனுக்கு ஒரு கம்பு கட்டு மகளே, என்மேல் நம்பிக்கை வை.

சாப்பாடு, பயணிகள் காசைக் கைமாற்றி டிரைவரிடம் சேர்ப்பதுபோல. கூடத்தில் எதிரெதிராக இரண்டு குட்டிப் பெஞ்சு செய்து போட்டேன். கஞ்சிக் கிண்ணம் வாசல் பக்கம் ஏறி, ஒவ்வொரு கையாக முன்னால் போகும். வழியில் ஆளுக்கொரு வாய் சுங்கம் போய்க் கடைசி ஆளுக்குக் கிண்ணம் மட்டும் போனது, அந்தக் கஷ்டம் இருந்தது. புட்சோயைக் கொண்டுபோய் டிரைவர் பக்கத்தில், பங்கு கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்தேன். இரண்டு கையிலும் எந்நேரமும் அடுத்தவன் கிண்ணம், அவனுக்குத் திருட நேரமில்லை. திருடனிடம் சாவியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று உன் அம்மா பயந்தாள். இப்போது அவன்தான், ஜெங்குக்கு முருங்கைக்கீரை போகவில்லை என்று உன் அம்மாவிடமே புகார் சொல்கிறான். தூக்கம் ஒன்றுதான் எனக்கு இடித்தது. எஞ்சின் சத்தம் கேட்டால் தூங்குகிறார்கள், நிறுத்தினால் எழுந்துவிடுகிறார்கள். பானை மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து நான் முன்னால் உட்கார்ந்து உர்ர் என்று ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கே கண் சொக்கியபோது உன் அம்மா எஞ்சினை வாங்கிக்கொண்டாள், அவள் எஞ்சினுக்கு இருமல் இருக்கிறது. பங்குத் தந்தை ஒரு மதியம் வீட்டை மந்திரிக்க வந்தவர், வாசலில் நின்று இரண்டு முதியவர்கள் பானை மூடியோடு உறுமுவதைப் பார்த்துவிட்டு, தீர்த்தத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெளித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை தந்தது ஒன்றுக்குப் போக வைப்பதுதான், பெருமை வந்தால் பின்னாலேயே என்ன வரும் என்று உனக்குத் தெரியும். இறங்க வேண்டியவர் காசால் கூரையில் தட்டினால் ஜீப்னி நிற்கும் அல்லவா. நான் கழிவறைத் தகரத்தில் காசால் டக் டக் டக் என்று தட்டுவேன், ஐந்து பேரும் ஓடிவந்து வாய்க்காலோரம் வரிசையாக இருந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் ஓடிவருகிற பேச்சே இல்லை, தட்டினதும் நின்ற இடத்திலேயே வேலை முடிந்தது. சந்தைப் பெண்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். இப்படி ஒரு பழக்கம் இந்த ஊரில் யாருக்காவது வருமா என்று நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கும் பவுடர் போட்டு, பூசைக்கு டோடோயின் ஜீப்னியில் ஏற்றினோம். டோடோய் யார் என்று ஞாபகம் இருக்கும், உனக்குப் பதினாறு வயதில் கிட்டார் வாசித்துக் காட்டியவன், இப்போது தொந்தி. முதல் நாள்தான் இருக்கைக்குச் சிவப்பு ரெக்சின் போட்டிருந்தான், அதைக் காட்டவே எங்களைக் கூப்பிட்டு ஏற்றினான். எங்கள் எதிரே சண்டைச் சேவலை மடியில் வைத்த ஒருவர், பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பாடகர் குழு அம்மாள். பிள்ளைகள் தங்கம்போல இருந்தார்கள், கம்பி எட்டாதபோதும் கையைத் தூக்கியே வைத்திருந்தார்கள். பேக்கரி திருப்பம் வந்தது. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். எடுத்ததை நான் பார்த்தேன் மகளே, பார்த்தேன், வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் அவர் கூரையில் தட்டிவிட்டார். டக் டக் டக்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒருவர்கூட முந்தாமல், ஒருவர்கூடப் பிந்தாமல். அவ்வளவு ஒழுங்கு, மாதாவே. ரெக்சினில் நிற்காதல்லவா, வண்டி வளைந்த பக்கம் எல்லாம் வளைந்தது. அந்த அம்மாள் கவுனோடு வழுக்கி இறங்கினார், இறங்கியவர் பாடவில்லை, ஆனால் குரல் அருமையாக இருந்தது. சேவல் மிரண்டு டிரைவர் தலையில் ஏறியது, சேவல்காரர், “நாளைக்கு இதுக்குப் பந்தயம், இன்னைக்கே கொல்லப் பாக்கிறீங்களே” என்று கூச்சலிட்டார். டோடோய் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து தன் புது ரெக்சினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையில் சேவல் அப்படியே இருக்கிறது. “முப்பது வருஷம் ஸ்டாண்டுல ஆள் ஏத்திவிட்டீங்க அண்ணே, இன்னைக்குத் தண்ணியும் ஏத்திட்டீங்க” என்றான். உன் அம்மா தன் மந்தில்யாத் துணியால் இருக்கையைத் துடைத்தாள், பூசைக்குத் தலையில் போட அவளுக்கு எதுவும் இல்லாமல் போயிற்று. புட்சோய் மட்டும் என் கையைப் பிடித்து, “நாங்க நல்லாப் போனோமா லோலோ தாத்தா” என்று கேட்டான். நல்லாப் போனீர்கள் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இவ்வளவு எழுதியது உன்னைச் சிரிக்கவைக்கத்தான், நீ சிரித்து நாளாயிற்று என்று உன் குரலிலேயே தெரிந்தது. இனி எழுதப்போவதற்கு நான் ஒரு கோப்பைக் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒத்திகை நன்றாகவே நடந்தது மரிவிக். அந்த ரெக்சினைத் தவிர வேறு சேதம் இல்லை. எங்களால் முடியும் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. உன் அம்மா அமிஹானுக்கு என்று தூளி கட்டிவிட்டாள். நான் இன்னொரு குட்டிப் பெஞ்சு செய்து, ஜீப்னிக்குப் பெயர் எழுதுகிறவனைக் கூப்பிட்டு, வால் நட்சத்திரம் எல்லாம் போட்டு அமிஹான் என்று எழுதச் சொல்லி, வாசல் வெயிலில் காயவைத்திருந்தேன். சரி என்று உனக்குச் சொல்வதாகத்தான் இருந்தோம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் யோலி புட்சோயை அழைத்துப்போக வந்தாள், தினமும் வருவதுபோலத்தான், கையில் அவனுக்குப் பிடித்த பண்டேசால் ரொட்டிப் பொட்டலம், உடம்பெல்லாம் கருவாட்டு வாசம். பிள்ளைகள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், புட்சோய் என் விசிலைக் கழுத்தில் போட்டு வாசலில் நின்று, ஹாரோ மோலோ ஹாரோ மோலோ என்று என்னைப்போலவே கத்திக்கொண்டிருந்தான். வாடா தங்கம், வீட்டுக்குப் போகலாம் என்று யோலி கை நீட்டினாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “நெறஞ்சிருச்சு அக்கா, அடுத்த வண்டில வாங்க” என்றான். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், யோலியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, “நான் ஒரு ஆளுதானே அண்ணே, நின்னுக்கிட்டே வரட்டுமா” என்று அவனிடம் கெஞ்சினாள். நிற்கக் கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், சொல்லிவிட்டு உன் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். யோலி இன்னும் சிரித்துக்கொண்டே எங்கள் படியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் இடுப்பில் கட்டிய கடைத் துணியில் முகத்தை மூடிக்கொண்டாள். விளையாட்டுக்குத்தானே சொல்கிறான் என்று நான் சொன்னேன். “தெரியும் அண்ணே. ஆனா அவன் மூஞ்சில வெளையாட்டு இல்லியே” என்றாள். யோசித்துப் பார் மகளே. அவள் ஒவ்வொரு சாயங்காலமும் வருகிறவள். இரவு அவன் அவள் பக்கத்தில்தான் தூங்குகிறான். நாலு தெரு தள்ளி இருக்கிறாள். அதற்கே இப்படி. நீ இருப்பது எங்கே?

என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கத்தில் வாய் கத்திவிட்டது. ஸ்டாண்டில் கைப்பிள்ளையோடு வருகிற தாய்மாரைப் பார்த்துக் கத்துவேனே, அதேதான், “மடில வை, மடில வை, இன்னொரு ஆள் ஏறலாம்.” அது ஸ்டாண்டு விதி, புட்சோயும் மீற முடியாது. கொஞ்சம் யோசித்தான், நகர்ந்து இடம் காட்டினான். யோலி வந்து காய்ந்துகொண்டிருந்த புதுப் பெஞ்சில் உட்கார்ந்து அவனை மடியில் தூக்கிக்கொண்டாள். அவள் நல்ல கனம், பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது, படாரென்று நடுவில் பிளந்தது, இரண்டு பேரும் தரையில். “விபத்து” என்று மற்ற நாலு பிள்ளைகளும் கைதட்டினார்கள். புட்சோய் தாயின் வயிற்றின்மேல் படுத்துக்கொண்டு சிரித்தான், பெயின்ட் காயாததால் யோலியின் பின்புறத்தில் அமிஹான் என்று பாதி எழுத்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பாவாடையோடேதான் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துபோனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெஞ்சை இன்னும் சரி செய்யவில்லை.

 மறுநாள் காலை உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தாமலே, “பிள்ளை வர வேண்டாம்” என்றாள். அமிஹான் பிறந்த நாளிலிருந்து அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறவள் அதைச் சொன்னாள். கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்துவிட்டு, கனடாவில் கருவாடு கிடைக்குமா என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே எங்கள் பதில் இதுதான். அமிஹானை அனுப்பாதே. லோர்னாவிடம் நன்றி சொல்லி, அவள் மடியை ஊரிலிருந்து கொண்டுபோகிற மாம்பழத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல். உன் அம்மாவுக்கு அழைப்புக் கடிதம் எழுது, விசாவுக்கு என்ன வேண்டுமோ கேட்டு அனுப்பு, கிடைக்கிற மட்டும் அவள் அங்கே இருக்கட்டும், மற்றதை அப்புறம் பார்ப்போம். அவள் இப்போதே குளிர் பழகுகிறாள். சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த மீன் பெட்டி முன்னால் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறாள், காவலாளி வந்து, “என்ன அக்கா வேணும்” என்றால் வின்னிபெக் வேண்டும் என்கிறாளாம். நான் வெட்டிக் கொடுத்த மூங்கில் கம்பு பெட்டியில் அடங்கவில்லை, அங்கே துடைப்பக் கட்டை கிடைக்கும் அல்லவா, அதைக் கட்டிக்கொள்ளுங்கள். காசால் தட்டுகிற வேலை மட்டும் அங்கே யாருக்கும் சொல்லித்தராதீர்கள், உன் இல்லத்து முதியவர்கள் காதில் விழுந்தால் உன் வேலை போகும்.

நான் வரவில்லை. எனக்கு இங்கே ஐந்து பயணிகள் இருக்கிறார்கள், ஒத்திகை முடிந்தது என்று சொல்லிப் பார்த்தேன், எந்தத் தாயும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஞ்சி வைக்கத் தெரியும், அடிப்பிடிக்காமல் வைக்கத் தெரியாது, கற்றுக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மா இல்லாத வீட்டில் நான் படுத்ததே இல்லை, கொஞ்சம் பயமாக இருக்கிறது, இந்த இடம் வரும்போது மட்டும் அவளுக்குப் படித்துக்காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சட்டி அடோபோ இறைச்சி செய்து வை, வினிகர் ஊற்றியது கெடாது, மூன்று நாள் அடுப்பைப் பார்க்க வேண்டாம், அதையும் ஆர்னெல்லையே செய்யச் சொல். ராத்திரி தலை துவட்டாமல் படுக்காதே. அமிஹானை யாராவது அழகு என்று சொன்னால் கண் படாமல் இருக்க உடனே பூயாக் சொல்லச் சொல், நான் என் பங்குக்கு அவள் குரங்குக்குட்டிபோல் இருக்கிறாள் என்று எழுதிவிடுகிறேன். மீகோவின் தலையில் கைவைத்ததாக நினைத்துக்கொள். கடவுளும் மாதாவும் உங்கள் நாலு பேரையும் நெருக்கி உட்காரவைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வீட்டில் இடமில்லை என்றாய். முப்பது வருஷத்தில், வண்டி நிறைந்துவிட்டது என்று சொல்லி நான் ஒரு தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டதில்லை. நீ சொன்னது சரிதான், மடியில் இருக்கிற பிள்ளைக்குத் தனி இடம் வேண்டாம். அது உன் மடியாக இருக்கட்டும். உனக்குக் கை ஓயும்போது இன்னொரு மடி வந்து சேரும், அதற்கு ஒரு முழங்கால் சரியில்லை, பார்த்து உட்காரவை.

என்றும் உன் நினைவாக,
அப்பா எர்மினியோ
ஹாரோ